இஞ்சாரும் என்றால் இங்கே பாரும்

இஞ்சாரும்,

கடிதம் என்றால் 'அன்புள்ள' என்று தொடங்க வேண்டுமாம். முப்பத்தொரு வருடத்தில் நான் உம்மை அப்படி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. இப்போது தொடங்கினால், இந்த மனுசன் வேறு ஆருக்கோ எழுதுகிறான் என்று நீர் பேசாமல் இருந்துவிடுவீர். அதனால் வாயில் பழகியபடியே கூப்பிடுகிறேன்.

வேற்று ஊர்க்காரர் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் விளங்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மனுசி புருசனின் பெயரை வாயால் சொல்ல மாட்டாள், 'இஞ்சாருங்கோ' என்பாள். புருசன் 'இஞ்சாரும்' என்பான். இங்கே பாருங்கோ, இங்கே பாரும் என்பதுதான் தேய்ந்து இப்படி வந்தது. பிள்ளை பிறந்தால் 'தம்பியின்ரை அப்பா', 'பிள்ளையின்ரை அம்மா' என்று மாறிவிடுவார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் கடைசி வரைக்கும் ஒருவரை ஒருவர் இங்கே பார், இங்கே பார் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

நீர் போய் ஒரு வருடமாகி, ஆட்டைத் திவசமும் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. மல்லாவியில் இந்த முறை மாரி மழை பிந்தித்தான் வந்தது. நீர் வைத்த தேசிக்காய் மரம் நிறையக் காய்க்கிறது, பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிறேன். ஒரு நேரம் சமைத்து இரண்டு நேரம் சாப்பிடுகிறேன். கறிக்கு உப்புப் போட்டேனா என்று கேட்க ஆளில்லாததால் சில நாள் இரண்டு தரம் போடுகிறேன், சில நாள் போடுவதே இல்லை. வீட்டுக்குள் ஒரு சத்தம் கேட்கட்டும் என்று ரேடியோவைப் போட்டுவிட்டு வெளியே வேலைக்கு இருந்துவிடுகிறேன். அறுபது வயதுக்காரன் தனிமை என்று சொன்னால் சிரிப்பார்கள். உம்மிடம் மறைத்து என்ன? தனிமையாகத்தான் இருக்கிறது.

போன கிழமை ஒரு சங்கதி நடந்தது. அதைச் சொல்ல எனக்கு உம்மை விட்டால் ஆளில்லை. ஆனால் அதற்கு முதல் நான் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. நீர் உயிரோடு இருந்தபோது வாய் வரவில்லை.

நீர் பத்து வருடம் மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போனீர். கவச உடையும் முகத்துக்குத் தடித்த கண்ணாடியும் போட்டு, வெயிலில் முழங்காலில் நின்று, நிலத்தைச் சாண் சாணாகச் சுரண்டிப் பார்க்கிற வேலை. தெருவில் நடந்தாலும் உம்முடைய கண் நிலத்தில்தான் இருக்கும். "காதுத் தோட்டைத் துலைச்சுப்போட்டீரோ?" என்று பகிடி பண்ணுவேன். நீர் சிரிக்காமல், "உங்களைத்தான் துலைச்சிட்டன், தேடுறன்" என்பீர்.

ஒரு நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டீர். நான் வழக்கம்போல வாசலில் நிலத்தில் குந்தியிருந்து, தண்ணீர் இறைக்கும் மிசின் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"நான் இனி வேலைக்குப் போகேல்லை" என்றீர்.

"ஏன், சண்டையோ? ஆரோடை கொழுவினனீர்?"

"ஒருத்தரோடையும் இல்லை. எனக்கு இப்ப நிலம் தெரியுதில்லையப்பா."

அந்தச் சொல்லை நான் எப்படி விளங்கிக்கொண்டேன் பாரும். கண்ணாடி வேண்டும் என்று விளங்கிக்கொண்டேன். வவுனியாவுக்குக் கூட்டிப்போய் ஒரு கண்ணாடி வாங்கினோம், மூன்று மாதத்தில் இன்னொன்று வாங்கினோம். கண் பார்த்தவர், எழுத்தெல்லாம் ஒழுங்காக வாசிக்கிறா, பார்வையில் பிழையில்லை என்றார். அதோடு நானும் விட்டுவிட்டேன். தண்ணீர் எடுக்காத மிசின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால், இஞ்சினில் பிழையில்லை என்று கண்டதும் அப்படி விடுவேனா? குழாயைப் பார்ப்பேன், வாசரைப் பார்ப்பேன், கிணற்றுக்குள் இறங்கி அடி வால்வையும் பார்ப்பேன். சத்தத்தைக் கேட்டே பிழை சொல்லுவான் என்று ஊரில் எனக்குப் பெயர் வேறு. உமக்கு மட்டும் அந்தப் பொறுமை எனக்கு வரவில்லை.

பிறகு நீர் விழத் தொடங்கினீர். தடக்கி முன்னால் விழவில்லை. நின்ற நிலையில், வெட்டிய வாழை மாதிரிப் பின்பக்கமாகச் சரிந்தீர். முதலில் கிணற்றடியில், பிறகு கோயில் வாசலில், பிறகு குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில். கையில் நடுக்கம் இல்லை. நடை மெதுவானது, கழுத்து விறைத்தது, குரல் தணிந்து இழுபட்டது. சனம் தனக்குத் தெரிந்ததைச் சொன்னது. வெடி எடுத்த பயம் இப்பதான் வெளியில வருது என்றார்கள். இந்த மண்ணில் எந்த நோய் வருத்தத்துக்கும் சண்டையைக் காரணம் சொன்னால் அதற்கு மேல் ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்க்கின்சன் வருத்தம் என்றார்கள். அவர்களில் பிழை சொல்ல மாட்டேன். மெதுவான நடையும் விறைப்பும் முகம் அசையாததும் அந்த வருத்தத்துக்கும் உள்ளதுதான். குளிசை தந்தார்கள், நாளுக்கு மூன்று மாத்திரை. துணுக்காயில் அந்த வருத்தம் வந்த ஒரு வாத்தியார் அதே குளிசையைப் போட்டுவிட்டு எழும்பி சைக்கிள் ஓடினார். நீர் எழும்பவில்லை. அளவைக் கூட்டினார்கள், அப்போதும் எழும்பவில்லை. அந்த நேரம்தான் குசினியில் கதிரைக்குக் கீழே நாலைந்து குளிசை கிடக்கக் கண்டேன். நீர் விழுங்காமல் எறிகிறீர் என்று முடிவு கட்டினேன்.

"கள்ளி! ஒரேயடியாச் சாகத்தான் நிக்கிறீரோ?" என்று கத்தினேன். கண்ணை அகல விரித்து, நான் குனிந்து நின்ற இடத்துக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தீர்.

அந்தப் பார்வைதான் என்னைத் தின்றது. நான் நிலத்தில் இருந்து வேலை செய்கிறவன், நீர் வாசலில் வந்து நிற்பீர். 'இஞ்சாரும்' என்பேன். உம்முடைய முகம் என் பக்கம் திரும்பும், கண் மட்டும் என்னிடம் இறங்கி வராது. எனக்கு மேலால், வேலிக்கு மேலால் எங்கேயோ நிற்கும். எண்ணெயும் அழுக்குமாக நிலத்தில் கிடக்கிற என்னைப் பார்க்க உமக்கு அருவருப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். சனமும் அதற்கு ஏற்றபடி சொன்னது. "புவனேஸ்வரிக்கு இப்ப நல்ல தலைக்கனம், கீழை இருக்கிற சனம் கண்ணுக்குத் தெரியுதில்லை" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள்.

அன்றிலிருந்து உம்மை 'இஞ்சாரும்' என்று கூப்பிடுவதை நிறுத்தினேன். 'புவனேஸ்வரி' என்று முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், பள்ளிக்கூடத்தில் வரவு எடுக்கிறவன் மாதிரி. ஏழு மாதம். முதல் தரம் அப்படிக் கூப்பிட்டபோது உம்முடைய முகத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. முகத்தையே பூட்டிவிடுகிற வருத்தம் அது என்று எனக்குத் தெரியாது. உமக்கு அது படவே இல்லை என்று நினைத்து இன்னும் கோபப்பட்டேன். உள்ளே எவ்வளவு பட்டது? நீர் மட்டும் 'இஞ்சாருங்கோ' என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை. குரல் இழுபட இழுபட, அதையே சொல்லிக் கூப்பிட்டீர்.

யாழ்ப்பாணத்தில் அந்த நரம்பு வைத்தியரிடம் போனது நினைவிருக்கிறதா? சின்ன வயதுப் பெண். உம்மைக் கதிரையில் இருத்தி, ஒரு பேனையை உம்முடைய முகத்துக்கு நேரே பிடித்தா. "அம்மா, தலையை ஆட்டாமல் பேனையை மட்டும் பாருங்கோ." பேனை இடப்பக்கம் போனது, உம்முடைய கண்ணும் போனது. வலப்பக்கம் போனது, கண்ணும் போனது. பிறகு பேனை கீழே இறங்கியது. கண் அரைவழியில் நின்றுவிட்டது.

"உங்கடை கால்விரலைப் பாருங்கோ அம்மா."

நீர் பாடுபட்டீர். நெற்றியெல்லாம் சுருங்கியது. கண் இறங்கவில்லை.

வைத்தியர் என்னைக் கிட்ட வரச் சொன்னா. உம்மைத் தன்னுடைய மூக்கையே பார்த்தபடி இருக்கச் சொல்லிவிட்டு, உம்முடைய தலையை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல அண்ணாத்தினா. தலை மேலே போகப்போக, கண் தன்பாட்டில் கீழே இறங்கியது. நீர் முயன்றபோது வராத கண், தலை அசைந்தபோது ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது.

"பாத்தீங்களே ஐயா? கண்ணிலை பிழையில்லை. கண்ணை அசைக்கிற தசையிலையும் பிழையில்லை. கீழை பார் எண்டு மூளையிலையிருந்து கட்டளை அனுப்புற இடம்தான் பழுதாகுது."

மிசின் திருத்துகிறவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மோட்டரும் நல்லது, வயரும் நல்லது, சுவிச்சில்தான் பிழை. மூன்று வருடமாக நான் மோட்டரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு வைத்தியர் உமக்குப் பின்னால் போய் நின்று, "பயப்பிடாதேங்கோ, நான் பிடிப்பன்" என்று சொல்லி, தோளைப் பிடித்துச் சட்டென்று பின்னால் இழுத்தா. மற்றவர்கள் என்றால் ஒரு எட்டுப் பின்னால் வைத்துச் சமாளிப்பார்களாம். நீர் காலைத் தூக்கவே இல்லை, அப்படியே அவவின் கையில் சரிந்தீர். மூளையைப் படம் எடுத்தபோது நடுமூளை மெலிந்து, பக்கவாட்டில் ஒரு சின்னக் குருவியின் தலையும் சொண்டும் மாதிரித் தெரிந்தது. நீர் அதைப் பார்க்க ஆசைப்பட்டீர். நான் யன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தேன்.

"இது பார்க்கின்சன் இல்லை. அதுமாதிரித் தெரியிற வேறை ஒண்டு. பீ.எஸ்.பீ. எண்டு சொல்லுவம், அரிதான வருத்தம். தொடக்கத்திலை பிரிச்சுக் கண்டுபிடிக்கிறது கஷ்டம். இதிலை பொதுவா நடுக்கம் இருக்காது. ஆரம்பத்திலேயே விழுவினம், பின்னாலை விழுவினம். கண் மேலை கீழை போகக் கஷ்டப்படும். அந்தக் குளிசையும் பெரிசாக் கேக்காது."

"அவ குளிசை விழுங்கிறேல்லை டொக்டர், நிலத்திலை எறியிறா" என்றேன். அப்போதும் நான் விடவில்லை.

வைத்தியர் என் பக்கம் திரும்பினா. "எறிஞ்சிருக்க மாட்டா ஐயா. கையாலை தவறி விழுந்திருக்கும். எங்கை விழுந்ததெண்டு அவவாலை பாக்கேலாது. குனிஞ்சு தேடினால் விழுந்திடுவா. உங்களிட்டைச் சொன்னால் நீங்கள் பேசுவீங்கள்."

எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. நீர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக இழுத்து, "நிலம் தெரியுதில்லையெண்டு... சொன்னனான்தானே" என்றீர்.

சொன்னீர்தான். நீர் முதல் நாளே உம்முடைய வருத்தத்தைச் சரியாகச் சொல்லிவிட்டீர். முழங்காலில் நின்று பார்க்கிற ஒரு சாண் நிலம் கண்ணுக்குள் வரவில்லை என்று கண்டதும், தவறுதலாகக் கையை வைத்தால் பக்கத்தில் வேலை செய்கிற பெண்களும் சேர்ந்து போய்விடுவார்கள் என்று வேலையை விட்டு வந்திருக்கிறீர். அன்று நான் ஆரோடு கொழுவினனீர் என்று கேட்டேன்.

மருந்தால் நிறுத்த முடியாது என்றா வைத்தியர். நூற்றுக்கு நூறு இதுதான் என்று சொல்வதென்றால் இறந்த பிறகு மூளையைப் பார்த்தால்தான் முடியும் என்றும் சொன்னா. ஆனால் பெயர் தெரிந்தால் வீட்டில் செய்யக் கூடியது நிறைய இருக்கிறதாம். தண்ணீரைக் கூழ்போலத் தடிப்பாக்கிக் கொடுக்க வேண்டும், விழாமல் பின்னால் ஆள் நிற்க வேண்டும், எதையும் கண் உயரத்துக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும். வீட்டுக்கு வந்த அன்றே நான் பலகை அறுக்கத் தொடங்கினேன். மேசைக்கு மேல் ஒரு பெட்டி வைத்து, அதற்கு மேல் உம்முடைய கோப்பையை வைத்தேன். வாசலில் உயரமாக மேசை மாதிரி ஒரு வாங்கு அடித்து, மிசின் வேலையை நிலத்திலிருந்து அதற்கு மேல் ஏற்றினேன். எனக்கு ஒரு உயர ஸ்டூல். நீர் வாசல் கதிரையில், நான் உமக்கு நேரே.

ஏழு மாதத்துக்குப் பிறகு முதல் தரமாக, "இஞ்சாரும்" என்றேன்.

உம்முடைய கண் நேரே என் முகத்தில் வந்து நின்றது. கனநேரம் பார்த்தீர். பிறகு, "மூக்கிலை... எண்ணெய் பிரண்டிருக்கு. துடையுங்கோ" என்றீர்.

உமக்கு அருவருப்பு என்று நான் நினைத்தது இந்த எண்ணெயைத்தான். அன்று முழுக்க நான் அதைத் துடைக்கவில்லை. நீர் இன்னும் நாலு தரம் சொல்ல வேண்டும் என்று விட்டிருந்தேன், நீரும் சொன்னீர்.

பிறகு இரண்டரை வருடம். பேச்சுப் போனது. 'இஞ்' என்ற ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியது, அதற்கு நான் எங்கே நின்றாலும் ஓடி வந்தேன். ஓம் என்றால் பெருவிரலைத் தூக்குவீர், இல்லை என்றால் தூக்க மாட்டீர். கடைசியில் சாப்பாடு சுவாசக் குழாய்க்குள் போய், சளியாகி, காய்ச்சலாகி, ஐந்தாம் நாள் போய்விட்டீர். கோப்பையை உயர்த்தினேன், மேசையை உயர்த்தினேன், என்னையும் உயர்த்தினேன். அந்த ஏழு மாதத்துக்கு மட்டும் வாய் திறந்து மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்போம் என்று இருந்துவிட்டேன்.

இனிப் போன கிழமைச் சங்கதி. வவுனிக்குளத்திலிருந்து ஒரு புருசனும் பெண்சாதியும் மிசின் திருத்த வந்தார்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து அந்தக் காலத்தில் வன்னிக்கு வந்து காடு வெட்டிய குடும்பம். பெயர் மாரிமுத்து. மிசினைத் தூக்கி வாங்கில் வைத்தது அந்த அம்மாதான். அவர் ஒரு பக்கமாக, கண்ணை அகல விரித்தபடி நின்றார்.

"நீங்க அந்தாளப் பாக்காதீங்கண்ணே, அவருக்கு ரொம்பக் கொழுப்பு" என்றா அந்த அம்மா. "சோத்தப் போட்டா தட்டப் பாக்குறதே இல்ல. சட்டையெல்லாம் குழம்பு. வரப்புல ரெண்டு தடவ மல்லாக்க விழுந்தாரு. நான் கீழ உக்காந்து பேசினா என் மூஞ்சியப் பாக்கவே மாட்டேங்கிறாரு."

நான் நட்டுக் கழற்றும் சாவியை வாங்கில் வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தேன். நான் வைத்தியன் இல்லை. எல்லாருக்கும் உம்முடைய வருத்தம்தான் என்று நினைக்கிறது என் விசரோ, பைத்தியமோ என்றும் ஒரு யோசனை. பேசாமல் மிசினைத் திருத்தி அனுப்பியிருக்கலாம். ஆனால் நீர் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

"அண்ணை, தலையைக் குனியாமல் உங்கடை கால்விரலை ஒருக்காப் பாருங்கோ" என்றேன்.

அவர் பாடுபட்டார். அதே நெற்றிச் சுருக்கம். கண் என் சேட்டின் மேல் பொத்தானில் நின்றது.

"பாத்தீங்களா, நீங்க சொன்னாக்கூடக் கேக்க மாட்டாரு" என்று அந்த அம்மா சிரித்தா.

நான் ஸ்டூலை விட்டு இறங்கி வந்தேன். "அம்மா, அவரைப் பேசாதேங்கோ. அவருக்குக் கண் இறங்குதில்லைப் போலை கிடக்கு. என்னெண்டு நான் சொல்லேலாது, வேறை ஏதுமாயும் இருக்கலாம். ஆனா ஒருக்கா நரம்பு டொக்டரிட்டைக் காட்டவேணும்." உம்முடைய கதையைச் சொன்னேன். கண்ணாடி இரண்டு வாங்கியது, குளிசை கிடந்தது, எல்லாம். ஏழு மாதக் கதையையும் சொன்னேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கவில்லை.

அந்த அம்மா திரும்பி அவருடைய முகத்தைப் பார்த்தா. பிறகு கேட்டா, "அப்ப அவருக்கு என் மேல கோவம் இல்லையாண்ணே?"

"இல்லையம்மா. கண்தான் இறங்கேல்லை."

மாரிமுத்துவின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. ஆனால் தொங்கிக்கொண்டிருந்த கை மட்டும் நகர்ந்து, அந்த அம்மாவின் சேலையைத் தேடிப் பிடித்தது. அவர்கள் போன பிறகு அந்தக் கேள்வி என்னிடம் திரும்பி வந்தது. அவவுக்குப் பதில் சொல்ல நான் இருந்தேன். எனக்கு ஆர் சொல்லுவது? உமக்கு என்னில் கோபமா?

உம்முடைய படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் தங்கச்சி, உம்முடைய மச்சாள், திவசத்துக்கு வந்து சண்டை பிடித்தாள். "செத்தவையின்ரை படத்தை வாசல் நிலைக்கு மேலைதான் தூக்கிக் கொழுவவேணும் அண்ணை. உதென்ன, இடுப்புக்குக் கொஞ்சம் மேலை?"

"மேலை கொழுவினால் அவ கீழை பாக்கவேணுமெல்லோ" என்றேன். தங்கச்சி மாலையைத் தானே கொண்டுபோய் அந்த உயரத்தில் போட்டாள்.

அந்தப் படத்துக்கு நேரே ஸ்டூலில் இருந்துதான் இதை எழுதுகிறேன். புவனேஸ்வரி என்று கூப்பிட்ட ஏழு மாதத்துக்கும் என்னை மன்னியும். இதை நான் உம்முடைய கண்ணுக்கு முன்னால் இருந்து, உம்முடைய பெருவிரல் அசையக் கூடிய காலத்தில் கேட்டிருக்க வேண்டும். இனி ஒருவரையும், ஏன் என்னைப் பார்க்கவில்லை என்று நிலத்தில் இருந்துகொண்டு கோபிக்க மாட்டேன். எழும்பிப் போய் அவர்கள் கண்ணுக்கு முன்னால் நின்ற பிறகுதான் கேட்பேன். வருகிற செவ்வாய்க்கிழமை மாரிமுத்துவையும் அந்த அம்மாவையும் யாழ்ப்பாணத்துக்கு நானே கூட்டிப்போகிறேன். பஸ்ஸில் ஏறும்போது அவருக்குப் பின்னால் நான் நிற்பேன், விழ விட மாட்டேன்.

மூக்கில் இன்றைக்கும் எண்ணெய் பிரண்டிருக்கிறது. துடைக்காமல்தான் வந்து இருக்கிறேன்.

உம்முடைய மனுசன்,
இஞ்சாருங்கோ